கொம்பு விழுந்த மானுக்கு நோயா? தருமபுரி, கிருஷ்ணகிரி காட்டு மான்களின் கொம்பும் கூடும் பருவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒகேனக்கல் போகிற வழியில், அஞ்செட்டிச் சாலையில், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டோரக் கொல்லைகளில் மானைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் கொம்பில்தான் தொடங்கும். ஒரு மானுக்குப் பெரிய கொம்பு, பக்கத்திலேயே நிற்கும் இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை, மூன்றாவதுக்கு ஒற்றைக் கொம்பு. ஏன்? இணையத்தில் தேடினால் கிடைக்கும் பதில் அனேகமாக ஐரோப்பியச் செம்மானையோ அமெரிக்க வெள்ளைவால் மானையோ பற்றியது. குளிர்நாட்டு மான்களுக்குச் சொன்னதை நம் காட்டுக்கு அப்படியே பொருத்தினால் பாதி தப்பாகிவிடும். நம் மான்களுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைத்தான் இங்கே முடிந்தவரை பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

நம் இரண்டு மாவட்டக் காடுகளில் என்னென்ன மான்கள் இருக்கின்றன?

அதிகம் கண்ணில் படுவது புள்ளிமான். அடுத்தது கடமான், தெற்கே மிளா என்பார்கள், தளி, ஜவளகிரிப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் கடவே என்பார்கள். உருவில் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். கேளையாடு என்பதும் மான்தான், பெயரில் மட்டும்தான் ஆடு. இந்த மூன்றும் உண்மையான மான் குடும்பத்தைச் சேர்ந்தவை; ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும் கொம்பு இவற்றுக்குத்தான்.

மான் என்று அழைக்கப்பட்டாலும் மான் குடும்பத்தில் சேராதவையும் உண்டு. நாற்கொம்பு மான் அப்படி ஒன்று. அது மாடு, ஆடு வகையறா. சருகுமான் தனிக் குடும்பம். மூன்று கிலோ அளவுதான் இருக்கும், கொம்பே கிடையாது.

இவை வாழும் காட்டின் பெரும்பகுதி இப்போது சரணாலயம். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்குச் சரணாலயம் சுமார் 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு தொடர்ச்சியான காடாக அமைகின்றன. மானுக்கு மாநில எல்லை கிடையாது என்பதால் இந்தத் தொடர்ச்சி முக்கியம்.

ஆட்டுக் கொம்பும் மான் கொம்பும் ஒன்றுதானே?

இல்லை. ஆடு, மாடு, நாற்கொம்பு மான், வெளிமான் ஆகியவற்றின் கொம்பில் உள்ளே ஓர் எலும்புக் கூர், அதன் மேல் நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன உறை. கிளை விடாது. ஒருமுறை முளைத்தால் ஆயுள் முழுவதும் அதே கொம்புதான், ஒடிந்தால் ஒடிந்ததுதான்.

புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இருப்பது முழுக்க எலும்பு. மண்டையோட்டின் முன் எலும்பிலிருந்து இரண்டு குட்டையான அடித்தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டின் மேல் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கொம்பு முளைக்கும், கிளைக்கும், முற்றும், விழும். தண்டு மட்டும் நிரந்தரம். பாலூட்டிகளில் ஒரு முழு உறுப்பே இப்படித் திரும்பத் திரும்ப முளைப்பது வேறெங்கும் இல்லை என்பதால்தான் எலும்பு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள்கூட மான் கொம்பை விடாமல் ஆராய்கிறார்கள்.

நாற்கொம்பு மானைப் பற்றி ஒரு வார்த்தை. ஆணுக்கு மட்டும் கொம்பு; காதுகளுக்கு நடுவே ஒரு ஜோடி, நெற்றியில் அதைவிடச் சிறியதாக இன்னொரு ஜோடி. காட்டு விலங்குகளில் இயல்பாகவே நான்கு கொம்பு உள்ள இனம் உலகில் இது ஒன்றுதான். காவேரி தெற்குச் சரணாலயத்தின் முக்கியமான விலங்குகளில் இதுவும் சேர்த்தி. கேமராவில் சிக்குவதே அபூர்வம். நேரில் பார்த்தவர் பாக்கியசாலி.

கொம்பு ஏன் விழுகிறது? மானுக்கு வலிக்காதா?

எல்லாவற்றையும் ஓட்டுவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். அது குறைவாக இருக்கும் காலத்தில் கொம்பு வளரும். ஏறும்போது கொம்பு முற்றி இறுகும். உச்சத்தில் இருக்கும்வரை கொம்பு தலையில் உறுதியாக நிற்கும். கூடும் பருவம் ஓய்ந்து ஹார்மோன் சரியத் தொடங்கியதும், அடித்தண்டும் கொம்பும் சேரும் இடத்தில் எலும்பை அரிக்கும் செல்கள் வேலையைத் தொடங்கும். அந்த வளையம் மட்டும் பொரபொரவென்று ஆகிவிடும். பிறகு தலையை உதறினாலோ புதரில் உரசினாலோ போதும், கொம்பு கழன்று விழுந்துவிடும்.

வலி இருக்காது, ஏனென்றால் முற்றிய கொம்பு உயிரற்ற எலும்பு. விழுந்த இடத்தில் சிறிது ரத்தம் கசியும், பொருக்குக் கட்டும், சில நாளில் தோல் மூடும். அதன் மேலேயே மழைக்குப் பிந்திய காளான் மாதிரி புது மொட்டு எழும்பும்.

இரண்டு கொம்பும் ஒரே நேரத்தில் விழவேண்டும் என்று கட்டாயமில்லை. சில மணி நேரமோ சில நாளோ இடைவெளி இருக்கலாம். நீங்கள் பார்த்த ஒற்றைக் கொம்பு மான் அனேகமாக அந்த இடைவெளியில் மாட்டிய மான்தான். நோயும் இல்லை, வேட்டைக்காரர் வேலையும் இல்லை.

மாட்டுக்குக் காயடித்தால் என்ன ஆகும் என்று நம் விவசாயிகளுக்குத் தெரியும். மானில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். முற்றிய கொம்புள்ள ஆணின் விரை அடிபட்டுச் செயலிழந்தால் பருவம் வருவதற்கு முன்பே கொம்பு விழுந்துவிடும். வளர்ந்துகொண்டிருக்கும்போது அப்படி ஆனால் கொம்பு முற்றவே முற்றாது. தோல் மூடியபடியே கோணல்மாணலாக நின்றுவிடும்.

சில மான்களின் கொம்பு உருண்டையாக, பஞ்சு போர்த்தியதுபோல் இருக்கிறதே?

அது வளரும் கொம்பு. மேலே மென்மயிர் அடர்ந்த தோல் போர்த்தியிருக்கும். ஆங்கிலப் பழக்கத்தில் வெல்வெட் என்றே எல்லோரும் சொல்கிறோம். அந்தத் தோலுக்குள் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்திருக்கும். கை வைத்தால் சூடாக இருக்கும், அடிபட்டால் வலிக்கும், ரத்தம் கொட்டும். அதனால் அந்தக் காலத்தில் ஆண் மான் ரொம்பச் சாது. அடர்ந்த புதருக்குள் நுழைய யோசிக்கும். தகராறு வந்தால் பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்குளம்பால் அடித்துக்கொள்ளும், கொம்பைப் பயன்படுத்தாது.

விலங்குலகில் மிக வேகமாக வளரும் திசுக்களில் இதுவும் ஒன்று. பெரிய குளிர்நாட்டு மான்களில் ஒரே நாளில் ஓரிரு சென்டிமீட்டர்கூட நீளும். நம் புள்ளிமானில் அந்த வேகம் இல்லை என்றாலும் நான்கைந்து மாதத்தில் முழுக் கொம்பும் தயார். அதற்கு வேண்டிய கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் தீனியிலிருந்து மட்டும் வந்துவிடாது; விலா எலும்பு போன்ற இடங்களிலிருந்தும் உடம்பு எடுத்துக் கொம்புக்குக் கொடுக்கும். வறட்சியான வருடத்தில் கொம்பு சிறுத்துப் போவது இதனால்தான்.

வளர்ச்சி முடிந்ததும் ரத்த ஓட்டம் நின்று தோல் காயும். மான் அதை மரத்தில் தேய்த்து உரிக்கும். உரிந்த தோல் நாராகத் தொங்க, ரத்தக்கறையோடு நிற்கும் மானைப் பார்த்துவிட்டுச் சிறுத்தை அடித்துவிட்டது என்று பயந்து தகவல் சொன்னவர்கள் உண்டு. ஓரிரு நாளில் எல்லாம் சுத்தமாகிவிடும்.

சரி, எந்த மாதத்தில் கொம்பு விழும்? எப்போது கூடும்?

இங்கேதான் குளிர்நாட்டுக் கணக்கு உதவாது.

ஐரோப்பாவின் செம்மான் செப்டம்பர், அக்டோபரில் கூடும். ஒரு வட்டாரத்தில் எல்லா ஆண்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கொம்பு முற்றும், ஒரே நேரத்தில் விழும். அங்கே பகல் நீளம்தான் கடிகாரம். லண்டனில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் சுமார் 9 மணி நேரம் வித்தியாசம். அதே செம்மானை நியூசிலாந்துக்குக் கொண்டுபோனபோது, அங்கே பருவங்கள் தலைகீழ் என்பதால், அது மார்ச், ஏப்ரலுக்கு மாறிக்கொண்டது.

தருமபுரியில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். பனியில் குட்டி விறைத்துச் சாகும் என்ற பயமும் இல்லை. அதனால் புள்ளிமானுக்கு அந்தக் கண்டிப்பான கடிகாரம் தேவைப்படவில்லை. ஒவ்வோர் ஆணும் தன் சொந்தச் சுற்றில் ஓடுகிறது. வருடத்தில் எந்த மாதம் போனாலும் முற்றிய கொம்புள்ள ஆண் ஒன்றாவது இருக்கும், பருவத்துக்கு வந்த பெண் ஒன்றாவது இருக்கும். ஒரே மந்தையில் முழுக்கொம்பு, வெல்வெட், மொட்டைத்தலை மூன்றும் சேர்ந்து நிற்பது நம் காட்டில் சாதாரணக் காட்சி.

ஆனாலும் உச்சம் என்று ஒன்று உண்டு. தென்னிந்தியக் காடுகளில் புள்ளிமான் ஆண்களில் அதிகம் பேர் முற்றிய கொம்போடு திரிவது கோடையில். ஏப்ரல் முதல் ஜூன் வரை கூடும் பருவம் சூடுபிடிக்கும். கோடை மழையில் காட்டில் புல் தலைகாட்டும் நேரம் அது. மழைக்காலம் போகப்போகக் கொம்புகள் விழும், ஆண்டு முடியும் வாக்கில் வெல்வெட் கொம்புகள் நிறையத் தெரியும்.

கடமானின் சுற்று வேறு. அது கூடுவது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரை ஒட்டி. கோடை வரும்போது கொம்பை உதிர்க்கத் தொடங்கிவிடும். ஆக, மே மாதம் அஞ்செட்டிக் காட்டில் புள்ளிமான் முழுக்கொம்போடு கத்திக்கொண்டிருக்கும்போது கடமான் ஆண் மொட்டைத்தலையோடு ஒதுங்கி நிற்கலாம். ஒரே காடு, ஒரே மழை, இரண்டு கணக்கு. கேளையாட்டுக்குக் குறிப்பிட்ட பருவமே இல்லை எனலாம், வருடம் முழுக்க குட்டி போடும்.

இது பழக்கத்தால் வந்ததா, ரத்தத்தில் ஊறியதா என்று கேட்டால், அமெரிக்காவின் டெக்சாஸ் பதில் சொல்லும். 1930-களில் அங்கே கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள் இன்று பல்லாயிரமாகப் பெருகிவிட்டன. அங்குள்ள வெள்ளைவால் மான் இலையுதிர் காலத்தில் கூடும். நம் புள்ளிமானோ இத்தனை தலைமுறைக்குப் பிறகும் கோடையில்தான் உச்சத்துக்கு வருகிறது, மற்ற மாதங்களிலும் குட்டி போடுகிறது.

கொம்பின் கிளையை எண்ணி வயது சொல்லலாமாமே?

முடியாது. ஆனால் இந்த நம்பிக்கை சாகவே சாகாது. புள்ளிமானின் முதல் கொம்பு கிளையில்லாத வெறும் குச்சி. பிறகு படிப்படியாக ஒவ்வொரு பக்கமும் மூன்று முனை வரும். கடமானுக்கும் மூன்றுதான். அதற்கு மேல் எத்தனை வயதானாலும் மூன்றுதான். நீளமும் பருமனும்தான் கூடும், கிழடானபின் அதுவும் குறையும். முக்கால் மீட்டர் கொம்பு வைத்த புள்ளிமான் நடுவயதின் வலுவில், நல்ல தீனியில் இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவே. வயதுக்குப் பல்தான் ஓரளவு சாட்சி.

பெண் மானுக்குக் கொம்பு உண்டா?

நம் நாட்டு மான் இனங்கள் எதிலும் இல்லை. உலகத்திலேயே பெண்ணுக்கும் இயல்பாகக் கொம்பு வரும் மான் வடதுருவப் பனிமான் ஒன்றுதான்.

கூடும் பருவத்தில் புள்ளிமான் ஆண் எப்படி நடந்துகொள்ளும்?

முதலில் சத்தம். விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் ஆண் கழுத்தை நீட்டி அடித்தொண்டையில் கத்தும். கரகரப்பாக, ஒன்றன்பின் ஒன்றாக, நீளமாக வரும் சத்தம். இத்தனை அழகான பிராணி இத்தனை அவலட்சணமாகக் கத்துமா என்று முதல் தடவை கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள். ஆபத்தைக் கண்டு மந்தை எழுப்பும் எச்சரிக்கை ஒலி வேறு. அது கீச்சென்று கூர்மையாக இருக்கும். புலி, சிறுத்தை, செந்நாய் இருக்கிற காட்டில் இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தால் நல்லது.

அடுத்தது உடம்பு. கழுத்து தடிக்கும், முகமும் கழுத்தும் கறுத்துக் காட்டும். நடை மாறும். இரண்டு ஆண்கள் சந்தித்தால் உடனே முட்டிக்கொள்வதில்லை. தலையை நிமிர்த்தி, விறைப்பாக, ஒன்றுக்கொன்று இணையாகக் கொஞ்ச தூரம் நடக்கும். அந்த நடையிலேயே ஒன்று மற்றதை எடைபோட்டுவிடும். சிறியது தலையைத் தாழ்த்தி மேய்வதுபோல் பாவனை செய்து விலகிவிடும்.

பிறகு மரம். கண்ணுக்கு முன்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. ஆண் பின்னங்காலில் எழுந்து நின்று, தலைக்கு மேலுள்ள கிளையில் முகத்தையும் கொம்பையும் உரசி வாசனையைப் பூசும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். இலைக்காக எம்புகிறது என்று நினைத்துப் பலர் படம் எடுக்கிறார்கள். தரையில் புல்லைக் கொம்பால் குத்திக் கிளறும். சில சமயம் கொடியும் புல்லும் கொம்பில் சிக்கித் தொங்க, அதோடேயே திரியும். அப்போது உருவம் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பது அதற்கு லாபம்தான்.

பெண் பருவத்துக்கு வந்துவிட்டதா என்பதை அதன் சிறுநீரை முகர்ந்து அறியும். முகர்ந்ததும் மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி நிற்கும். கிடா ஆடு செய்வதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். பருவத்துக்கு வந்த பெண் கிடைத்தால் அதை விட்டு அகலாமல் பின்தொடரும், மற்ற ஆண்களை விரட்டும். பெண் விலகி ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும். கூடல் முடிந்ததும் ஆண் அடுத்த பெண்ணைத் தேடிப் போய்விடும். பெண் சினைபிடிக்காவிட்டால் மூன்று வாரம் போல் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும்.

இத்தனை அலைச்சலில் ஆண் சரியாக மேயாது. பருவம் முடியும்போது இளைத்துப் போயிருக்கும், கவனமும் சிதறியிருக்கும். வேட்டை விலங்குகளுக்கு அது வசதி.

மானுக்கு ஒரே ஜோடிதான் என்கிறார்களே?

கதையில். நிஜத்தில் நம் மான் எதுவும் ஜோடி கட்டி வாழ்வதில்லை. குட்டி வளர்ப்பில் ஆணுக்குப் பங்கே இல்லை. அதே சமயம், குளிர்நாட்டுச் செம்மான்போல் பெண்களைக் கூட்டமாக வளைத்து வைத்துக்கொண்டு ஓர் ஆண் காவல் காப்பதும் புள்ளிமானில் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு பெண், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. மந்தையில் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்பது நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும்.

கடமானும் அப்படித்தானா?

கடமான் கூச்ச சுபாவம், இரவு நடமாட்டம், பெரிய மந்தை சேராது. அதனால் அதன் வேலையெல்லாம் வாசனையில் நடக்கிறது. ஆண் சேற்றில் புரளும், தன் சிறுநீரையே தன் மேல் தெளித்துக்கொள்ளும். மரத்தில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரிக்கும். சின்னாற்றுப் பக்கம் ஓடையோர மரங்களில் இடுப்புயரத்துக்கு மேல் பட்டை உரிந்து கிடந்தால் யானையை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

கடமானின் கழுத்தின் அடிப்புறம் மயிர் உதிர்ந்து புண்போல் சிவந்த ஒரு வட்டம் தெரிவதுண்டு. கூடும் பருவத்தில் ரத்தம் கசிவதுபோல்கூட இருக்கும். காயம், தொற்று என்று பயப்படுவார்கள். அது கடமானுக்கே உரிய அடையாளம், பெண்ணிடமும் காணப்படும். வாசனை பரப்புவதோடு தொடர்புடையது என்று கருதப்படுகிறது.

கேளையாட்டின் கொம்பு ஏன் இவ்வளவு குட்டை?

கொம்பு குட்டை, ஆனால் அடித்தண்டு நீளம். மயிர் மூடிய அந்தத் தண்டு நெற்றியிலிருந்தே இரண்டு மேடாகக் கிளம்பும். ஆணுக்கு மேல்தாடையில் வெளியே நீளும் கோரைப்பல் உண்டு. நிஜச் சண்டையில் அதுதான் ஆயுதம், கொம்பு எதிரியைத் தள்ளிப்பிடிக்க. தனியாக வாழும், தன் எல்லையை வாசனையால் குறிக்கும், நாய் குரைப்பதுபோல் விடாமல் குரைக்கும். சருகுமானுக்குக் கொம்பே இல்லை என்றேனே, அதன் ஆணுக்கும் கோரைப்பல்தான்.

ஆண் மான்கள் சண்டையில் செத்துப்போகுமா?

அபூர்வம். நீங்கள் பார்க்கும் கொம்பு மோதல்களில் பெரும்பாலானவை இளசுகளின் பழக்கச் சண்டை. கொம்பைக் கோத்துத் தள்ளிவிட்டு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மேயும். பெரிய ஆண்களின் நிஜச் சண்டை குறுகியது, கடுமையானது. குத்துக்காயம், கண் போவது, கொம்பு ஒடிவது நடக்கும். ஒடிந்த கொம்பு அந்தச் சுற்றில் மறுபடி வளராது, அடுத்த முளைப்புக்குக் காத்திருக்க வேண்டும். கொம்புகள் பிரிக்க முடியாமல் சிக்கிப் பட்டினியில் சாவது, கிளை அதிகமுள்ள அமெரிக்க மான்களில் பதிவாகியிருக்கிறது; மூன்று முனைக் கொம்பில் அதற்கு வாய்ப்புக் குறைவு.

குட்டிகள் எப்போது பிறக்கும்? புல்லுக்குள் தனியாகக் கிடந்த குட்டியை எடுத்துவரலாமா?

புள்ளிமானின் சினைக்காலம் ஏழரை மாதம் அளவு. மே மாதம் கூடியது டிசம்பர், ஜனவரியில் ஈனும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, காட்டில் பசுமை மிச்சமிருக்கும் காலம். கொல்லையில் கேழ்வரகு அறுப்பும் கொள்ளு, அவரையும் நடக்கும் காலம். கடமானின் சினை சுமார் எட்டு மாதம், அதன் கணக்குப்படி தென்மேற்குப் பருவமழையில் குட்டி. இரண்டுமே வழக்கமாக ஒரே குட்டிதான் போடும்.

குட்டியைத் தொடாதீர்கள். முதல் சில வாரங்கள் தாய் குட்டியைப் புதரிலோ உயர்ந்த புல்லிலோ படுக்க வைத்துவிட்டு மேயப் போகும், இடையிடையே வந்து பால் கொடுக்கும். குட்டியின் வாடை மிகக் குறைவு, அசையாமல் கிடப்பதுதான் அதன் பாதுகாப்பு. ஆடு மேய்க்கிறவர்கள், அறுப்புக்குப் போகிறவர்கள் அனாதைக் குட்டி என்று தூக்கிவந்து பாட்டில் பால் கொடுப்பது பாசத்தில் செய்யும் கேடு. பெரும்பாலும் குட்டி வயிற்றுப்போக்கில் செத்துவிடும். நாய் சுற்றினால் நாயை விரட்டுங்கள். தாய் இறந்து கிடப்பது கண்ணால் தெரிந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆண் குட்டியை வளர்த்தால் பழகிவிடாதா?

வளர்ப்பது சட்டப்படி குற்றம், அது முதல் விஷயம். அப்புறம், மனிதரிடம் பயம் போன ஆண் மான் கொம்பு முற்றியதும் வளர்த்தவரையே போட்டி ஆணாகப் பார்க்கத் தொடங்கும். காட்டு மான் உங்களைக் கண்டால் ஓடும். பழகிய மான் ஓடாது, முட்டும். மான் பூங்காக்களில் பணியாளர்கள் கழியில்லாமல் உள்ளே போகமாட்டார்கள்.

விழுந்த கொம்பு காட்டில் ஏன் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை?

தின்றுவிடுகிறார்கள். முள்ளம்பன்றி முதல் ஆள். கொம்பைப் பொந்துக்கே இழுத்துப்போய் அரித்து அரித்துத் தின்னும். மான்களும் விழுந்த கொம்பையும் எலும்பையும் வாயில் போட்டு மெல்லும், பாஸ்பரசும் கால்சியமும் குறைவான மண்ணில் இது இன்னும் அதிகம். கொம்பு வளர்க்க உடம்பு செலவழித்தது ஒரு வழியாகக் காட்டுக்கே திரும்புகிறது. மிச்சத்தை வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும்.

தானாக விழுந்ததுதானே, ஒன்றை எடுத்துவந்து வீட்டில் மாட்டலாமா?

கூடாது. யாரும் மானைக் கொல்லவில்லை, குப்பையாகக் கிடந்தது என்ற வாதம் எடுபடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொம்பு, எலும்பு, பல் எல்லாமே காட்டு விலங்கின் பாகங்கள், அவை அரசுச் சொத்து. எப்படியாவது கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் எளிது: பார்த்தவுடன் உதிர்ந்த கொம்பா, கொன்று வெட்டிய கொம்பா என்று வாங்குகிறவர் சோதிக்கப்போவதில்லை. உதிர்ந்ததற்கு விலை வைத்தால் உயிரோடிருப்பதற்கும் விலை வந்துவிடும்.

நுணுக்கமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்பது உண்மை. உதிர்ந்த கொம்பின் அடி சொரசொரப்பாக, சற்றே புடைத்து இருக்கும். வெட்டியதில் அடித்தண்டோ மண்டையோட்டுத் துண்டோ ஒட்டியிருக்கும்.

தாத்தா காலத்துக் கொம்பு எங்கள் வீட்டு வாசலுக்கு மேலே இருக்கிறது. என்ன செய்வது?

உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பழைய காகிதங்களில் தேடுங்கள். சான்றிதழோடு உள்ளது வாரிசுக்கு வரும்போது 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். விற்க முடியாது. காகிதமே இல்லை என்றால் மாவட்ட வன அலுவலகத்தில் தானாகப் போய்ச் சொல்வதுதான் நல்லது. பேரப்பிள்ளை அதைப் படம் எடுத்து இணையத்தில் விற்பனைக்குப் போடும்வரை காத்திருக்காதீர்கள்.

மான் கொம்புப் பற்பம் மருந்தாகுமே?

பழைய மருத்துவ முறையில் அந்தப் பெயர் உண்டு. ஆனால் கொம்பைப் புடமிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். எந்த எலும்பைச் சுட்டாலும் அதுதான் மிஞ்சும். காட்டுமான் கொம்பை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்பதால், சந்தையில் ரகசியமாக விற்பவரிடம் வாங்கினால் ஒன்று ஏமாறுவீர்கள், இல்லையென்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆண் மானின் வயிற்றில் கஸ்தூரி இருக்குமா?

நம் காட்டு மான் எதற்கும் இல்லை. கஸ்தூரி மான் இமயமலைப் பக்கத்து உயிரினம், அதற்குக் கொம்பும் கிடையாது. இந்தப் பொய்யை நம்பிப் புள்ளிமானைக் கொன்றவர்கள் உண்டு.

கொம்பு மோதலைப் பார்க்க எப்போது, எங்கே போகலாம்?

புள்ளிமானுக்கு ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை, காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நான்கரைக்கு மேல். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது, நுழையவும் தேவையில்லை. பென்னாகரம் - ஒகேனக்கல் சாலையிலும், தேன்கனிக்கோட்டை - அஞ்செட்டி சாலையிலும் வண்டிக்குள் இருந்தபடியே பார்க்கலாம். யானை நடமாட்டம் உள்ள இடங்கள் என்பதால் இறங்கி நடக்காதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் கத்தும் சத்தம் முதலில் காதுக்கு வரும், மான் பிறகுதான் தெரியும்.

ஓட்டுகிறவருக்கு ஒன்று. கூடும் பருவத்தில் ஒரு மான் சாலையைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். பெண்ணை ஆண் துரத்தும், ஆணை இன்னோர் ஆண் துரத்தும். பின்னால் வருவது சாலையைப் பார்க்காது. ஹாரன் அடித்தாலும் கேட்காது. இரண்டாவது, மூன்றாவது தாண்டும்வரை நின்றுவிட்டுப் போங்கள்.